கும்பிட்ட கையும் ஸ்டீயரிங்கும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ரேணிகுண்டாவில் எங்கள் பார்சல் கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. நகரியிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து இறங்குகிறவளுக்கு வேறு என்னதான் வரும்? ஷிப்ட் இன்சார்ஜ் என்று என் அடையாள அட்டையில் போட்டிருக்கும். மேலே இருப்பவர்கள் திட்டுவதை டிரைவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், டிரைவர்கள் திட்டுவது மேலே போகாமல் பார்த்துக்கொள்வதும்தான் நான் பார்க்கும் வேலை.

போன வருஷம் எங்கள் வேன்களில் எல்லாம் கேமரா வைத்தார்கள். சின்னப் பெட்டிதான். ஒரு கண் ரோட்டைப் பார்க்கும், இன்னொரு கண் டிரைவரைப் பார்க்கும். டிரைவர் போனை எடுத்தாலோ, தூங்கி வழிந்தாலோ, ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாலோ உள்ளே இருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் அதட்டும். டிரைவர்கள் அவளுக்குப் பொட்டியம்மா என்று பேர் வைத்தார்கள். சாயங்காலம் வண்டி திரும்பும்போது பொட்டியம்மா ஒவ்வொருவருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் கொடுத்திருப்பாள். சிவப்பு வாங்கியவர் மேனேஜர் ரூமில் உட்கார்ந்து தன்னுடைய வீடியோவைத் தானே பார்க்க வேண்டும். "இன்னிக்கு யாரு படம் ரிலீஸு?" என்று கேட்டுக்கொண்டே மற்றவர்கள் ஜன்னல் பக்கம் டீ குடிப்பார்கள்.

பொட்டியம்மாவைச் செய்தவர்கள் திருப்பதிப் பக்கம் வந்ததே இல்லை என்பது முதல் நாளே தெரிந்தது. இங்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் மலை தெரியும். மலையைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாக எழும்பும், கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பொட்டியம்மா அலறுவாள். ஒருவர் வாயை அகலத் திறந்து "கோ...விந்தா" என்று சொல்ல, தூக்கம் வருகிறது போலிருக்கிறது, வண்டியை நிறுத்தி ஓய்வெடுங்கள் என்று அவருக்கு அறிவுரை சொன்னாள். முதல் வாரத்தில் எங்கள் கிடங்கே சிவந்து கிடந்தது.

மேனேஜர் கோயமுத்தூர்க்காரர். மரியாதை கொஞ்சம் அதிகம். திட்டும்போதுகூட ஒரு 'ங்க' சேர்த்துத்தான் திட்டுவார். "ஏனுங்க, நீங்க பண்றது தப்புங்க" என்று அவர் சொன்னால், தப்பு செய்தவர்கள் பாராட்டு வாங்கியதுபோலச் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். அப்புறம் நான் நாலு வார்த்தை கேட்டால்தான் முகம் மாறும்.

இனி புத்தூர் அண்ணனிடம் வருகிறேன். எங்கள் டிரைவர்களில் வயதில் மூத்தவர். சந்திரகிரி வழியாகக் காணிப்பாக்கம் போய்ச் சித்தூரில் முடிகிற வண்டி அவருடையது. கிடங்குக்குள் என்னை மேடம் என்பார், கேட்டைத் தாண்டிவிட்டால் தங்கச்சி. நல்ல மனிதர். பார்சல் கசங்காது, கஸ்டமர் கத்த மாட்டார். ஒரே ஒரு குறை, வழியில் இருக்கிற ஒரு சாமியையும் விட்டுவைக்க மாட்டார்.

ஒரு நாள் மத்தியானம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டபோது அவர் முகம் வெளுத்திருந்தது. அண்ணன் எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "நீங்களே பாருங்க மேடம்" என்று வீடியோவை ஓடவிட்டார் மேனேஜர்.

வண்டி காணிப்பாக்கம் கோயில் ஆர்ச்சை நெருங்குகிறது. அண்ணன் முகத்தில் பக்தி ஏறுகிறது. ஒரு கை எழுந்து நெற்றிப்பொட்டில் குட்டிக்கொள்கிறது. மற்ற கோயில் என்றால் அதோடு போயிருக்கும். இது பிள்ளையார் ஆயிற்றே! இரண்டு கையும் குறுக்கே போய் இரண்டு காதையும் பிடித்துக்கொள்கின்றன. ஸ்டீயரிங்கை முழங்கால்கள் இடுக்கிக்கொண்டிருக்கின்றன. பொட்டியம்மா தொண்டை கிழியக் கத்துகிறாள். அண்ணன் கண்ணை மூடிக்கொள்கிறார்.

"கண்ண வேற மூடிக்கினியாண்ணா?"

"சாமிய நெனச்சா கண்ணு தானா மூடிக்குது மேடம்" என்றார் பரிதாபமாக.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேனேஜர் சிரிக்காமல், ரோட்டைப் பார்க்கும் கண் எடுத்த வீடியோவைப் போட்டார். வண்டி மெல்ல இடது பக்கம் ஒதுங்குகிறது. ரோட்டோரம் ஒரு பெரிய குடை, அதன் கீழே தேங்காயும் அருகம்புல் மாலையும் விற்கிற கடை. குடை கண்ணாடிமேல் வந்து விழுந்து மறைக்கிறது. பிரேக் சத்தம். குடை சரிந்ததும் தேங்காய்கள் ரோட்டில் உருள்வது தெரிகிறது. நடுவில் ஒரு ஸ்டூல், கால் ஒடிந்து கவிழ்ந்து கிடக்கிறது. அதன்மேல் மடித்துப் போட்டிருந்த துண்டு டயருக்கு அடியில் இருக்கிறது.

வீடியோவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொன்னேன். குடைக்குக் கீழே அந்த ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சில்லறை மாற்றவோ என்னவோ எழுந்து பக்கத்து டீக்கடைப் பக்கம் போனாள். அவள் படத்தைவிட்டு வெளியே போன கையோடு வண்டி உள்ளே வந்துவிட்டது.

"அந்தக்கா எழுந்து போவாம இருந்திருந்தா?" என்றேன்.

"அதான் சாமி எழுப்பிவுட்டாரே மேடம்."

"அவங்கள எழுப்பிவுட்ட சாமி உன் கண்ண மட்டும் எதுக்குண்ணா மூட வெச்சாரு?" என்று கத்தினேன். ஜன்னலுக்கு வெளியே டீ டம்ளர்கள் எல்லாம் சத்தமில்லாமல் நகர்ந்தன.

கம்பெனி விதி தெளிவாக இருந்தது. கையை எடுத்து, அதனால் வண்டியும் மோதினால், டிரைவரின் ஐடியை முடக்கிவிடுவார்கள். அப்புறம் எங்கள் கம்பெனியின் எந்த வண்டியிலும் ஏற முடியாது. அண்ணன் மேனேஜர் ரூமிலிருந்து என் பின்னாலேயே வந்தார். "வண்டி ஓட்டறத தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா. ஐடி பூட்ச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்? வூட்ல போய் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்லுவேன்?" என்றார். கிடங்குக்குள்ளே மேடத்தை அவர் மறந்தது அன்றுதான். எனக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல், போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

மறுநாள் காலையில் டிரைவர்கள் ஒருவரும் வண்டியை எடுக்கவில்லை. கேட்டுக்கு முன்னால் கூட்டமாக நின்றார்கள். "சாமி கும்பிட்டதுக்கு வேலைய வுட்டு எடுப்பீங்களா? திருப்பதில கீறோம் மேடம், ஞாபகம் வெச்சிக்கோங்க" என்றான் ஒருவன். இன்னொருவன் சமாதானம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "இன்னா பெரிசா ஆயிட்ச்சி? அந்தக்காவுக்குக் கால் ஒடிஞ்சிருந்தா அண்ணன் ஊருக்கே கூட்டினு போய் புத்தூர் கட்டு போட்டிருக்கலாமே" என்றான். அவனை நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. அதன் பிறகு அவன் என்னைப் பார்த்தால் சுற்றிக்கொண்டுதான் போகிறான்.

மேனேஜருக்கோ வேறு கவலை. கும்பிட்டவனை வேலையைவிட்டு எடுத்த மேனேஜர் என்று ஊருக்குள் பேர் வாங்கிவிட்டால் அவர் டவுனுக்குள் டீ குடிக்கப் போக முடியாது. "மேடம், இது சாமி விஷயமுங்க. வாயால ஒரு எச்சரிக்கை குடுத்துட்டுப் பேசாம வுட்டுரலாமுங்களா?" என்றார். பெங்களூரில் இருக்கிற பாதுகாப்பு அதிகாரியோ, ஐடியை இன்றைக்கே முடக்கு என்கிறார். இரண்டு பேர்மேலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவருக்கு விதி போதும். இன்னொருவருக்குத் தன் டீ போதும். அந்த ஸ்டூலை நினைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

"எடுக்கவும் வேணாம் சார், தட்டிக்குடுத்து அனுப்பவும் வேணாம். வண்டியில இருந்து எறக்கி, கிடங்குல பார்சல் ஓடற பெல்ட்ல போடுங்க. கொஞ்ச நாள் ஊர் ஊரா பார்சல் பிரிக்கட்டும். அப்புறமா அதே ரோட்ல ஓட்டிக் காட்டட்டும். நான் பக்கத்துல குந்திக்கினு பாக்கறேன்" என்றேன்.

"பெங்களூர்ல ஒத்துக்குவாங்களுங்களா?"

"போன் போடுங்க, கேப்போம்."

வீடியோ காலில் பெங்களூர் அதிகாரி வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்த டிரைவர் எதற்காகத் தன் காதைப் பிடித்துக்கொள்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார். மேனேஜர் விளக்கினார். புரியவில்லை. மறுபடி விளக்கினார். அப்போதும் புரியவில்லை. கடைசியில் எங்கள் மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்று, டையோடு, கேமராவுக்கு முன்னால் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காதைப் பிடித்து, தோப்புக்கரணம் போட்டுக் காட்டினார். நான் மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடுகிறவளாகக் குனிந்துகொண்டேன். அப்புறம் அந்த அதிகாரி, சரி, ஒரே ஒரு முறை ஓட்டிக் காட்டட்டும், அதில் சிவப்பு வந்தால் ஐடி போனதுதான், தன்னிடம் திரும்ப வரக்கூடாது என்றார்.

அன்று மத்தியானமே மேனேஜர், அண்ணன், நான் மூன்று பேரும் காணிப்பாக்கம் போனோம். புதுக் குடையும் ஸ்டூலும் மேனேஜர் வாங்கி வந்திருந்தார். தேங்காய்க்கடை அக்கா குடையை விரித்துப் பார்த்தாள், கம்பியை எண்ணினாள். பழையது இதைவிடப் பெரியது என்றாள். மேனேஜர் "பெருசாவே மாத்திக் குடுத்தர்றமுங்க" என்றார். அப்புறம் அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஏய்யா, சாமி உள்ள கீறாரு. அவருக்கு முன்னாடி ரோட்ல நான் குந்தினு கீறேன். மொதல்ல என்னப் பாரு. அப்பறமா அவரக் கும்பிடு."

அண்ணன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளாத குறையாக நின்றார். "தப்புதான்க்கா" என்றார்.

"கொட வந்துட்ச்சி. ஸ்டூலும் வந்துட்ச்சி. இனிமே இங்க குந்தவே பயமா கீதே, அதுக்கு இன்னா பண்றது?" என்று கேட்டுவிட்டு அவள் மாலை கட்ட ஆரம்பித்தாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பெல்ட்டில் நின்ற அண்ணன் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. சாமி பேர் உள்ள கடைக்குப் போகிற பார்சல் வந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஓரமாக வைப்பார். இந்தப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்குக்கூட வெங்கடேஸ்வரா என்றுதான் பேர். பெல்ட் நின்று நின்று ஓடியது. "அண்ணா, அது ஒரு மிக்ஸி ஜார்" என்று நான் கத்துவேன். "பேரு அவருதாச்சே மேடம்" என்பார்.

இதற்கிடையில் மேனேஜர் மற்ற டிரைவர்களுக்கு ஒரு புது விதி போட்டார். கும்பிட வேண்டுமென்றால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுக் கும்பிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் எங்கள் ரோடுகளைத் தெரிந்தவர் போடுகிற விதி இல்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி நின்றது. இறங்கினார்கள், செருப்பைக் கழற்றினார்கள், கும்பிட்டார்கள், பக்கத்தில் டீக்கடை இருந்தால் ஒரு டீயும் குடித்தார்கள். சாயங்காலம் பாதிப் பார்சல் வண்டியோடு திரும்பி வந்தது. வழியில் வண்டிகள் ஏன் இத்தனை முறை நிற்கின்றன, இன்ஜின் கோளாறா என்று பெங்களூரிலிருந்து கேட்டார்கள்.

கடைசியில் நானே கேட்டில் நின்று பேசினேன். காலையில் வண்டி எடுக்கும் முன் எல்லோரும் மலையைப் பார்த்து நின்று, வழியில் இருக்கிற அத்தனை சாமிக்கும் சேர்த்து ஒரே கும்பிடாகப் போட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் கை ஸ்டீயரிங்கைவிட்டு வரக்கூடாது. இதற்கு ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்தது. இங்கிருந்து போட்டால் காணிப்பாக்கத்துக்குச் சேருமா என்றான் ஒருவன். அம்மனைத் தனியாகச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும் என்றான் இன்னொருவன். "பார்சல இங்க போட்டா அங்க சேருதில்ல? சாமிக்குப் போடற கும்பிடு சேராதா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து காலையில் எங்கள் கேட்டில் ஒரே கோவிந்தா சத்தம். மேனேஜரும் வந்து ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்.

அண்ணன் ஓட்டிக் காட்டுகிற நாள் வந்தது. கேட்டில் எல்லோரோடும் நின்று ரொம்ப நேரம் கும்பிட்டார். நான் பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டினேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் நரம்பு புடைத்துத் தெரிந்தது.

"தங்கச்சி, நீ எதுனா பேசிக்கினே வாம்மா. கை மறந்துரும்" என்றார்.

பேசுவதற்கு எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? ரயில் லேட்டானதை, மாமியாரை, கேஸ் விலையை எல்லாம் பேசினேன். சந்திரகிரி தாண்டியது. ஒரு கோயில் வந்தது. விரல் ஒன்று லேசாகத் தூக்கிக்கொண்டது. "அண்ணா!" என்றேன். விரல் இறங்கியது. இன்னொரு கோயில். உதடு மட்டும் அசைந்தது. பொட்டியம்மா வாயைத் திறக்கவில்லை.

காணிப்பாக்கம் ஆர்ச் தூரத்தில் தெரிந்தபோது நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அண்ணன் வேகத்தைக் குறைத்தார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. கண்ணைத் திறந்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது.

பெரிய குடைக்குக் கீழே தேங்காய்க்கடை அக்கா மாலை கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி எங்கள் வண்டியைப் பார்த்தாள். மாலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஸ்டூலையும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வண்டி அவள் கடையை உரசாமல், ஆட்டாமல், மெதுவாகத் தாண்டியது.

கொஞ்ச தூரம் போய் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். பொட்டியம்மா அதுவரை கொடுத்திருந்த நிறத்தை நான் போனில் பார்த்துவிட்டு, "பச்சைண்ணா! பச்சை வந்திருச்சு!" என்று கத்தினேன். அவர் திரும்பவே இல்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுந்து ஓடிட்டாங்க பாத்தியா தங்கச்சி. என்னப் பாத்து" என்றார்.

ஐடி தப்பித்தது. பெங்களூரில் ஒத்துக்கொண்டார்கள், மேனேஜர் லட்டு வாங்கிக் கொடுத்தார். ஆனால் அண்ணன் தினமும் சித்தூரிலிருந்து திரும்பி வந்ததும், நான் கேட்காமலே என் மேஜைக்கு முன்னால் நின்று, "இன்னிக்கும் எழுந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். முதலில் கேலி செய்தேன். "உன் மூஞ்சியப் பாத்தா நான்கூடத்தான் எழுந்து ஓடுவேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம் கேலி செய்வதை விட்டுவிட்டேன். ஆர்ச் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே வண்டியை நடைவேகத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார் என்று கேமராவில் பார்த்தேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் எழுந்து போவதும் நிற்கவில்லை. மழைக்காலம் வந்து போனது.

ஒரு நாள் நான் பெல்ட்டில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன்.

"வண்டி ஓட்டிக்கினே போன் பண்றியாண்ணா நீ?"

"ஐயோ, இல்ல மேடம். ஓரங்கட்டிட்டேன். இன்ஜின் ஆப்பு. ஹேண்ட் பிரேக்கும் போட்டுட்டேன்."

"அப்ப இன்னாண்ணா, சொல்லு."

"அந்தக்கா என் வண்டியப் பாத்தாங்கம்மா. பாத்துட்டு மறுபடி குனிஞ்சி மால கட்டினாங்க. எழுந்திருக்கவே இல்ல. அப்படியே குந்தினு இருந்தாங்க."